பிளவுஸுக்குப் போன புளூஸ்

மழை பெய்தால் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பல் முழுக்க ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியதுபோல மணக்கும். கொத்துரொட்டிப் புகை, நனைந்த காட்போட் பெட்டி, ஊதுபத்தி, ஈரக் குடை, மேலே பாலத்தில் கிரீச்சிட்டுப் போகிற மெத்ரோவின் இரும்பு வாசம். 2014 சித்திரையில் அப்படியொரு சனிக்கிழமைப் பின்னேரம், பாட்டுக்கார றமேஸ் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு ‘வண்ணத்தோகை சாறி மாளிகை’க்குப் பக்கத்துக் கதவடியில் வந்து நின்றான்.

அவள் பெயர் மரியகொறற்றி. வன்னியிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எபினேயில், போன வருசம்தான் பிரான்சுக்கு வந்து சேர்ந்த தமையன் வீட்டில் இருந்தாள். போட்டிருந்த குளிர்க்கோட்டும் தமையனுடையதுதான். அதற்குள் இன்னும் இரண்டு மரியகொறற்றிகள் வாடகைக்கு இருக்கலாம், அவ்வளவு பெரிசு.

“இதுக்குள்ளையோ அண்ணை அவர் இருந்தவர்?”

“இருந்தவர் எண்டில்லை தங்கச்சி. கிற்றார் அடிக்க வாறவர். கீழை.”

கீழே என்றால் நிலவறை. காவ் என்பார்கள் பிரெஞ்சுக்காரர். மேலே வைக்க இடமில்லாத சாமானைக் கீழே வைக்கிற இடம். அந்தக் கட்டிடத்தின் வயது நகரசபைக்கே தெரியாது. இந்த நாட்டுச் சனம் ராசாவின் தலையை வெட்டின காலத்திலேயே அது திருத்த வேலைக்குக் காத்துக்கொண்டிருந்தது என்று ஒரு கதை. படியின் சுவர் எந்தக் காலத்திலும் வியர்க்கும். படிக்கட்டு விளக்குக்கு ஒரு குமிழ். அமத்தினால் கொஞ்ச நேரம் எரியும், பிறகு யாரையும் கேளாமல் தன்பாட்டில் அணைந்துபோகும். கஞ்சப் பேய்க்குப் பிறந்த விளக்கு!

குமிழை அமத்த முன் றமேஸ் வந்த வழியை ஒருக்காத் திரும்பிப் பார்த்தான். பார்க்கத்தானே வேணும். கீழே இருப்பவன் யார், ஏன் இருக்கிறான் என்பது பாரிஸ் முழுக்க அவன் ஒருவனுக்குத்தானே தெரியும்.

மரியகொறற்றியின் புருசன் மடுத்தீன் யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பிள்ளை, கோயில் பாட்டுக்குக் கிற்றார் தட்டினவன். கலியாணம் முடித்த கையோடு, “ஆறு மாசத்திலை கூப்பிடுறன்” என்று சொல்லிப் பிரான்சுக்கு வந்தவன். அந்த ஆறு மாசம் இருபது வருசமாக நீண்டது. முதலில் அவனுக்கு வதிவிடப் பத்திரம் கிடைக்கவில்லை. அவனுக்குக் கிடைத்தபோது அவளுக்குப் பாதை திறக்கவில்லை. அவன் கோப்பை கழுவினான். பக்கத்து மெத்ரோ நிலையமான ஸ்டாலின்கிராட்டில் அவன் கழுவிய ஒரு பாரில், அமெரிக்காவிலிருந்து வந்து திரும்பிப்போக மறந்துவிட்ட கறுப்பினக் கிழவர் ஒருவர் மின்கிற்றார் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் கிழவர் ஒரு நரம்பைப் பிடித்து இழுத்து வளைத்தார் பாருங்கள், மடுத்தீனின் கையிலிருந்த கோப்பை விழுந்து தூள்!

“ஐயோ, இது எங்கடை செத்தவீட்டிலை பெண்டுகள் இழுக்கிற இழுவை அல்லோ!”

தங்கள் கறுப்புச் சனத்தின் துயரப் பாட்டு அது, பெயர் புளூஸ் என்று கிழவர் சொன்னார். மடுத்தீனுக்கு அன்றைக்குப் பிடித்த பைத்தியம் சாகும்வரை விடவில்லை. லா சப்பலுக்கு ஓடி வந்து தேத்தண்ணிக் கடையில் எல்லோருக்கும் பெருமையாகச் சொன்னான், தான் இனிப் புளூஸ் அடிக்கப் போவதாக.

“பிளவுஸோ? கை வைச்சதோ, கை இல்லாததோ?” என்று கேட்டார் ஒருவர்.

கடை சிரித்த சிரிப்பில் தட்டில் இருந்த வடை எழும்பி இருந்ததாம். அன்றைக்கே பெயர் ஒட்டிவிட்டது. பிளவுஸ் மடுத்தீன். ஞானஸ்நானத்தில் சுவாமியார் வைத்த பெயரைவிட இறுக்கமாக ஒட்டியது.

எத்தனை கலியாணம், எத்தனை சாமத்தியவீடு, எத்தனை கலைவிழா! பாரிசிலும் சுற்றுவட்டாரத்திலும் நடந்த அத்தனையிலும் மேடையின் பின்மூலையில் நின்று வாசித்தவன் அவன்தான். முன்னுக்கு நின்று பாடியவன் றமேஸ். வீடியோக்காரர்கள் மாப்பிள்ளையை எடுத்தார்கள், கேக்கை எடுத்தார்கள், றமேசை எடுத்தார்கள். மடுத்தீனில் எடுபட்டது அவனுடைய முழங்கை மட்டும். ஊரிலுள்ள கலியாண வீடியோ எல்லாவற்றையும் அடுக்கினால் ஈபிள் கோபுர உயரத்துக்கு வரும். அவ்வளவிலும் தேடினாலும் ஒரு முழு மடுத்தீன் தேறமாட்டான்.

அவனுக்கு அதில் வருத்தமில்லை. “மச்சான், நீ பாடு. நான் பின்னாலை நிண்டு இழுக்கிறன்” என்பான். றமேசை அவ்வளவு நம்பினான்.

2009 வைகாசியில் வன்னியிலிருந்து ஒரு செய்தி வந்தது. மரியகொறற்றி செத்துப்போனாள். செய்தியைத் தந்தவரும் பொய் சொல்லவில்லை. ஒரு மரியகொறற்றி செத்தது உண்மை. கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கோயிலில் பாதிப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எந்த மரியகொறற்றி என்று கேட்கிற நிலையிலா அன்றைக்குச் சனம் இருந்தது?

மடுத்தீன் அழவில்லை. காவுக்குள் போனான். அந்தக் கோடை முழுக்க அங்கேயே இருந்தான். வெளியே வந்தபோது அவனிடம் ஒரு பாட்டு இருந்தது. சொல் இல்லாத பாட்டு, கிற்றார் மட்டும். றமேசைக் கீழே கூட்டிக்கொண்டு போய் வாசித்துக் காட்டினான்.

“கொறற்றிக்கு நான் மண் போடேல்லை மச்சான். மெழுகுதிரி கொளுத்தேல்லை. இதுதான் அவளுக்கு.”

றமேஸ் தேம்பித் தேம்பி அழுதான். பொய்யில்லை, உண்மையாகவே அழுதான். அழுதுகொண்டே தன் ரெலிபோனில் அதைப் பதிந்தும் கொண்டான். ‘புளூஸ்’ என்று பெயரும் போட்டான்.

தீபாவளி வந்தது. அந்த வருசம் யாருக்குத் தீபாவளி? ஆனால் கடைக்காரருக்கு வாடகை உண்டு. வண்ணத்தோகையின் முதலாளி பரமேஸ்வரி அக்கா றமேசைக் கூப்பிட்டு இருத்தினாள்.

“தம்பி, சனம் துக்கத்திலை கிடக்கு. துள்ளல் பாட்டோடை விளம்பரம் போட்டால் கல்லாலை எறியும். அழுகிற மாதிரியும் இருக்கவேணும், வாங்கிற மாதிரியும் இருக்கவேணும். அப்பிடி ஒண்டு இருக்கோ?”

றமேஸ் ரெலிபோனை எடுத்து அந்தப் பாட்டைப் போட்டான். சும்மா கேட்கட்டும் என்றுதான் போட்டான், அதையும் சொல்லத்தான் வேணும். அக்காவின் கண் கலங்கியது. குனிந்து திரையில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டினாள்.

“என்ன, பிளவுஸோ? பிளவுஸுக்கெண்டே செய்ததோ? அட, ஆர் தம்பி செய்தது, நீரோ?”

கேள்வி இரண்டு. பதில் ஒன்று.

“ஓம் அக்கா.”

பேதுருவுக்காவது யேசுவை மூன்று தரம் மறுதலிக்க வேண்டியிருந்தது. றமேசுக்கு ஒரு ஓம் போதுமாயிருந்தது.

அடுத்த கிழமை தமிழ் வானொலியில் அந்தக் கிற்றார் அழுதது. அழுகையின் உச்சியில் பரமேஸ்வரி அக்காவின் குரல் ஏறி உட்கார்ந்தது: “பிளவுஸ் தைக்க வேணுமோ? அளவெடுக்க ஓடி வாங்கோ, வண்ணத்தோகைக்கு!” நாலு செய்திக்கு ஒரு தரம், ஒரு மரண அறிவித்தலுக்கு ஒரு தரம். சின்னப் பிள்ளைகள் அதைப் பாடிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள்.

கோப்பை கழுவிக்கொண்டிருந்த மடுத்தீன் அதைக் கேட்டான். கை நுரையோடு, எலுமிச்சை வாசச் சவர்க்காரம் முழங்கையால் வழிய, அந்தக் குளிரில் நடந்து வந்து மெத்ரோப் பாலத்துக்குக் கீழே றமேசைக் கண்டுபிடித்தான். அடிப்பான் என்று றமேஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

“அது செத்தவீட்டுப் பாட்டடா.”

அவ்வளவுதான் சொன்னான். நேரே ஸ்டாலின்கிராட் கால்வாய்க் கரைக்குப் போனான். பின்னால் ஓடி வந்த றமேஸ் பார்க்க, தன் ரெலிபோனைத் தண்ணீருக்குள் எறிந்தான். யார் இனி எடுக்கப்போகிறார்கள்? அதற்குப் பிறகு அவன் மேடையில் ஏறவில்லை, றமேசோடு ஒரு சொல் பேசவில்லை. காவுக்குள்ளேதான் வாசித்தான். சாறி வாங்க வந்த பெண்களின் காலடியில் நிலம் விம்மும்.

2011 மாரியில் அங்கேயே செத்துக் கிடந்தான். ஒலிபெருக்கிப் பெட்டியில் காதை வைத்தபடி. நெஞ்சு நின்றுவிட்டது என்றார் வைத்தியர். பெட்டி இருந்தது, கதிரை இருந்தது. கிற்றாரை மட்டும் காணவில்லை. யார் எடுத்தார், எங்கே போனது, ஒருவருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகுதான் றமேசுக்குத் தொடங்கியது.

முதலில் ஒரு கலியாணவீட்டில். மாலை மாற்றுகிற நேரம், வாயைத் திறந்து பாட்டை எடுத்தான். முதுகுக்குப் பின்னால் எலுமிச்சைச் சவர்க்கார வாசம் வந்தது. தொடர்ந்து ஒரு நரம்பு மெல்ல வளைந்தது. திரும்பிப் பார்த்தான். மேடை மூலையில் யாரும் இல்லை. ஆனால் அந்த நரம்பு அவன் பாடுகிற சுரத்தைக் கொக்கியில் மாட்டின மீனைப்போலக் கீழே இழுத்தது. அவன் மேலே போக, அது கீழே இழுக்க, சபை முகத்தைச் சுளித்தது. மாப்பிள்ளையின் தாய் காதைப் பொத்தினாள். அவர்களுக்குக் கிற்றார் கேட்கவில்லை. கேட்டது, சுருதி பிசகின ஒரு றமேஸ் மட்டும்.

ஒவ்வொரு மேடையிலும் அதுதான். பிள்ளையாருக்கு அவன் அடித்த தேங்காயில் தெருவே சம்பல் ஆகியிருக்கும். அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினான், தர்காவிலிருந்து நூல் வாங்கிக் கட்டினான். மடுத்தீன் எந்த மதத்துக்கும் மசியவில்லை. கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள், பிறகு இல்லாமலே போனார்கள். பாட்டு இல்லாத றமேஸ் என்றால் என்ன? கடையில் மூட்டை இறக்குகிற இன்னொரு ஆள். 

இந்த நேரத்தில்தான் பரமேஸ்வரி அக்கா மறுபடி கூப்பிட்டாள். கடைக்குப் பத்தாவது ஆண்டு விழா, ஒபர்வில்லியே மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை. ‘பிளவுஸ் பாட்டைத் தந்த இசைமணி’க்குப் பொன்னாடை. அதே பாட்டுக்குச் சொல் எழுதி அவனே பாடவேணும். ஊரே வரும். அதில் சரியாகப் பாடினால் பாட்டுக்காரன் மீண்டான். பிசகினால் முடிந்தான்.

அதே கிழமையில்தான் செத்தவள் வந்து றமேசின் கதவைத் தட்டினாள்.

“நான் மடுத்தீன்ரை மனுசி அண்ணை. அவர் எனக்கெண்டு ஒரு பாட்டு அடிச்சவராம். உங்களுக்குத்தான் தெரியும் எண்டு அவரோடை கோப்பை கழுவின ஆள் தமையனுக்குச் சொன்னவராம். ஒருக்காக் கேக்கலாமோ?”

றமேசின் பழைய ரெலிபோன் எப்போதோ போய்விட்டது. மிஞ்சியிருப்பது விளம்பரம் மட்டும். அதைப் போட்டுக் காட்டவா? ஆனால் அவனுக்குள் ஒரு கணக்கு ஓடியது. செத்த இடத்திலேயே, கீழே காவுக்குள் இருக்கிறவனுக்கு வேண்டியது இவள்தானே? இவளைக் கொண்டுபோய் அங்கே இருத்திவிட்டால், ஆசை தீர வாசித்துவிட்டு, என்னை விட்டுவிட்டுப் போகமாட்டானோ?

படையலுக்குக் கோழியைக் கொண்டுபோகிறவன்போல, அவளைக் கூட்டிக்கொண்டு அவன் படியில் இறங்கினான்.

கீழே போகப் போகத் தெருவின் சத்தம் தேய்ந்தது. மெத்ரோ போகும்போது மட்டும் சுவர் ஒரு தரம் செருமியது. மண் தரை. எலி மூத்திரமும் ஊறின பலகையும் மணந்தன. கடைசிக் கதவைத் தள்ளியபோது அது திறக்க மனமில்லாமல் திறந்தது. உள்ளே, பழைய சாறிப் பெட்டிகளுக்கு நடுவில், ஒரு கதிரையும் அந்த ஒலிபெருக்கிப் பெட்டியும்.

“இதிலை இரும் தங்கச்சி.”

மரியகொறற்றி கதிரையில் இருந்தாள். பெட்டியின் மேல் கையை வைத்தாள், மாட்டைத் தடவுகிறமாதிரித் தடவினாள்.

“கலியாணம் முடிச்ச புதுசிலையும் இப்பிடித்தான். எப்பவும் டொங் டொங் எண்டு தட்டிக்கொண்டு இருப்பார். நான் ஏசுவன்.” சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “முகாமிலை இருந்து வெளிக்கிட்ட உடனை அவற்றை நம்பருக்குத்தான் அண்ணை அடிச்சனான். மாசக்கணக்கா அடிச்சன். ஒருக்காலும் மணி போகேல்லை. என்னை வேண்டாமெண்டு விட்டிட்டார் எண்டு நினைச்சு, பிறகு நானும் விட்டிட்டன்.”

றமேசின் கண்ணுக்குள் வந்தது அதுதான். கால்வாய்த் தண்ணீருக்குள் கிடக்கிற ரெலிபோன். அதற்குள் இவளுடைய குரல், மாசக்கணக்காக.

விளக்கு அணைந்தது.

“பயப்பிடாதையும், அது அப்பிடித்தான். நான் போய் அமத்திறன்.”

அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

இருட்டில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. ஒலிபெருக்கிப் பெட்டியின் விளக்கு.

அதன் மின்கம்பி எந்தச் சுவரிலும் செருகியிருக்கவில்லை. சுருட்டின பாம்பாகப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் கிடந்தது.

எலுமிச்சை வாசம் வந்தது.

முதல் நரம்பு வளைந்தது.

ஐயோ, அதை எப்படிச் சொல்ல! அன்றைக்குப் பதிந்தது இதற்கு முன்னால் வெறும் தகரம். மண்ணுக்குள்ளிருந்து யாரோ மூச்செடுக்க மேலே வருவதுபோல அது வந்தது. கூப்பிட்டது, காத்திருந்தது, பதில் வராமல் மறுபடி கூப்பிட்டது. றமேஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான், கன்னமெல்லாம் தண்ணீர். போதும் மச்சான், அவளுக்குக் காட்டிப்போட்டாய், இனிப் போ, என்று மனதுக்குள் கும்பிட்டான்.

“அண்ணை,” என்று இருட்டில் மரியகொறற்றியின் குரல் கேட்டது. “எப்ப தொடங்கும்?”

சுவரைப் பிடித்திருந்த கையை அவன் விட்டான்.

“உமக்கு... கேக்கேல்லையோ?”

“என்ன? ஒண்டும் கேக்கேல்லையே. உங்களுக்குக் கேக்குதோ?”

யாருக்காக அடித்தானோ அவளுக்குக் கேட்கவில்லை. விற்றவனுக்கு ஒரு சுரம் மிச்சமில்லாமல் கேட்கிறது. கிற்றார் நின்றது. அவனுடைய இடது காதுக்குப் பக்கத்தில், ஈரமான ஒரு மூச்சு.

“சொல்லு.”

ஒரே ஒரு சொல். கோபமும் இல்லை. பழைய மடுத்தீன் தேத்தண்ணி கேட்கிற குரல்.

அவள் இருட்டில் மெதுவாகத் தொடர்ந்தாள். “ஒண்டு கேக்கட்டோ? வானொலியிலை ஒரு பிளவுஸ் விளம்பரம் போகுது. அதைக் கேட்டால் எனக்கு நெஞ்சு என்னவோ செய்யுது. அந்த இழுவை... அது அவற்றையோ அண்ணை?”

ஓம் என்று சொன்னால் எல்லாம் தீர்ந்தது. மடுத்தீன் கேட்டது அவ்வளவுதான். ஆனால் நாளைக்குப் பொன்னாடை. நாளைக்கு மண்டபம் நிறையச் சனம். ஓம் என்றால் இவள் கேட்பாள், எப்படிப் போனது என்று. யார் கொடுத்தது என்று. ஏன் அந்த மனுசனின் ரெலிபோனுக்கு மணி போகவில்லை என்று.

“இல்லை தங்கச்சி,” என்றான் றமேஸ். “அது நான் செய்தது.”

சிவப்புப் புள்ளி அணைந்தது.

அவ்வளவுதான். வாசமும் இல்லை, மூச்சும் இல்லை. வெறும் காவ். தட்டித் தடவிப்போய்க் குமிழை அமத்தினான், விளக்கு எரிந்தது. மெல்ல ஒரு பாட்டை முணுமுணுத்துப் பார்த்தான். சுருதி நூல் பிடித்தமாதிரி நின்றது! பின்னால் ஒருவரும் இழுக்கவில்லை. மூன்று வருசத்துக்குப் பிறகு! அவனுக்கு அந்த மண் தரையிலேயே ஆடவேணும்போல இருந்தது. விட்டிட்டானப்பா, போய்விட்டான்!

படியேறும்போது மரியகொறற்றி முன்னால் போனாள். பாதியில் நின்று திரும்பினாள், மூக்கை உறிஞ்சினாள்.

“அண்ணை, நீங்கள் தேசிக்காய் ஏதும் வாய்க்குள்ளை வைச்சிருக்கிறியளோ?”

தேசிக்காய் என்றால் எலுமிச்சைதான். அவன் சிரித்து மழுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமைப் பகல். ஒபர்வில்லியே மண்டபத்தில் விழுந்த சனத்தைச் சொல்லி முடியாது. லண்டனிலிருந்தும் சுவிசிலிருந்தும் பேருந்து வந்தது என்றார்கள், வராதவர்களும் வந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். பரமேஸ்வரி அக்கா கட்டியிருந்த சாறியின் சரிகைக்கு மேடை விளக்கே கண் கூசியது. “அழுது அழுது வாங்க வைச்ச பாட்டைத் தந்த எங்கடை இசைமணி!” என்று சொல்லிப் பொன்னாடையைப் போர்த்தினாள். முன்வரிசையில், தமையனின் கோட்டுக்குள், மரியகொறற்றி இருந்தாள்.

றமேஸ் கண்ணை மூடினான். மேடையின் பின்மூலையை ஒரு தரம் காதால் தடவிப் பார்த்தான். ஒன்றுமில்லை. சுத்தமான மௌனம்.

வாயைத் திறந்தான்.

கிற்றார் கேட்டது.

சபை கை தட்டியது. அட, வாயாலே கிற்றார் அடிக்கிறான் பார்! விசில் பறந்தது. பரமேஸ்வரி அக்கா பெருமையாகத் தலையாட்டினாள்.

றமேஸ் நிறுத்தப் பார்த்தான்.

வாய் மூடவில்லை.

உதடு அசையவில்லை, நாக்கு அசையவில்லை. திறந்த வாய் திறந்தபடி. உள்ளே, தொண்டைக்குழிக்குள், ஒரு இரும்பு நரம்பு வளைந்தது. அவனுக்கு அது வலித்தது. கழுத்து நரம்புகள் ஒவ்வொன்றாகப் புடைத்து, இழுபட்டு, விட்டன. இழுபட்டு, விட்டன.

மூச்சு எடுக்கவில்லை. அந்த நீளத்துக்கு எந்த மனிதனுக்கு மூச்சு இருக்கிறது?

கை தட்டல் குறைந்தது. ஒரு குழந்தை வீரிட்டது. முன்வரிசைச் சனம் கதிரையைப் பின்னுக்கு இழுத்தது. கிற்றார் கூப்பிட்டது, காத்திருந்தது, மறுபடி கூப்பிட்டது. மேடையிலிருந்த பரமேஸ்வரி அக்காவின் கையிலிருந்து மலர்த்தட்டு விழுந்தது.

மண்டபத்தில் ஒருத்தி மட்டும் எழும்பி முன்னுக்கு நடந்தாள். கோட்டுக் கை நிலத்தைத் தொட, மேடைப்படி ஏறி, றமேசின் முகத்துக்கு நேரே நின்றாள். அவனுடைய கண் கெஞ்சியது. அவள் அந்தக் கண்ணைப் பார்க்கவேயில்லை. திறந்த வாய்க்குள்ளேயே பார்த்தாள், கிணற்றுக்குள் விழுந்தவரைத் தேடுகிறவளைப்போல.

“மடுத்தீன்?” என்றாள்.

கிற்றார் நின்றது.

அசையாத உதட்டுக்குள்ளிருந்து, றமேசினுடையது அல்லாத ஒரு குரல், மூச்சை விடுகிறமாதிரிச் சொன்னது:

“கொறற்றி... நீ சாகேல்லையோ?”

அந்தக் கேள்விக்குப் பிறகு அங்கே யார் நின்றார்கள்! கதவு இரண்டும் போதாமல் சன்னலாலும் பாய்ந்தார்கள் என்று கேள்வி. விளம்பரம் அன்றைக்கே நின்றது. பாட்டு யாருடையது என்று பிறகு யாரும் றமேசைக் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

வைத்தியர்கள் அவன் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். நல்ல தொண்டை, தங்கமான தொண்டை என்றார்கள். பேச்சு வரும், இருமல் வரும். பாட மட்டும் வராது. ஒரு சுரம் எடுத்தாலும் அவனுக்குள்ளிருந்து மற்றவன் எடுத்துக்கொள்வான். அதனால் அவன் வாயைக் கட்டிக்கொண்டு மூட்டை இறக்குகிறான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது செல்லாது. பூசை முடிய மரியகொறற்றி அவன் வீட்டுக்கு வருவாள். றமேசின் மனைவி அஜந்தா கதவைத் திறக்கப் பயந்துகொண்டே திறப்பாள். வந்தவள் தேத்தண்ணி குடிப்பாள், பிறகு அவனுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, “பாடுங்கோ” என்பாள். அவன் மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறப்பான். திறந்தால் போதுமே.

போன மாசம் ஒரு ஞாயிறு, எல்லாம் முடிந்து அவன் வியர்த்து ஒழுகிக் கிடந்தபோது, அவள் அவனுடைய இடது கையைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். கைப்பையிலிருந்து நகவெட்டியை எடுத்தாள். ஒவ்வொரு விரலாக, தசையோடு ஒட்ட, நகத்தை வெட்டினாள். வலது கையைத் தொடவில்லை.

“ஏன் அக்கா இந்தக் கையை மட்டும்?” என்று அஜந்தா கதவடியில் நின்று கேட்டாள்.

“நகம் நீண்டால் நரம்பு சரியா அமராதாம். முந்தியும் நான்தான் வெட்டி விடுறனான்.”

அஜந்தா எட்டிப் பார்த்தாள். புருசனின் நாலு விரல் நுனியும் காய்த்துத் தோல் தடித்திருந்தது. குறுக்கே கம்பி அழுத்தின கோடுகள், சிலதில் இன்னும் இரத்தம் கசிந்தது. வாழ்க்கையில் ஒரு தரமேனும் கிற்றாரைத் தொடாத மனுசன்.

“என்னத்தைப் பிடிச்சனீங்கள்?” என்றாள்.

 றமேஸ் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மரியகொறற்றியின் மடியில், அந்த நாலு விரலும் காற்றில் எதையோ தேடி, ஒன்றன்பின் ஒன்றாக, மெல்ல அமத்தி அமத்தி எடுத்துக்கொண்டிருந்தன.

அவன் அசைக்கவில்லை.